சோறு கோயில் போடும்

சோறு கோயில் போடும்,
கோழி கிளாக்கர் ஐயா தருகிறார்,
பக்கக் கறி மட்டும் வீட்டுக்கு ஒன்று.
உபதேசியார் சந்தியாகு
கரண்ட் பில்லின் முதுகில் எழுதிக்
கோயில் கதவில் ஒட்டியிருந்தார்.
பெயருக்கு நேரே கறியை எழுத
நூலில் தொங்கியது ஒரு பென்சில்.

அமலோற்பவம்: கோவா சுண்டல்.
மெடில்டா: போஞ்சி, பால் விட்டு.
பத்திநாதன் கங்காணி வீடு: கத்தரிக்காய் மோஜு.
கையெழுத்து அவர் மகளுடையது,
மோஜு என்று எழுதத் தெரிந்தவள் அவள்தான்.
நான் லீக்ஸும் நெத்தலிக் கருவாடும் என்று எழுதி
கடைப் பக்கம் போய்த் திரும்பிவந்து
நெத்தலியை மட்டும் கோடு போட்டு அடித்தேன்.

இருபத்துமூன்றாம் திகதி பின்னேரம்
லிந்துலை வளைவில், மழையில்,
வெலிமடையிலிருந்து வந்த லொறி சரிந்தது.
கவிழவில்லை. சரிந்தது,
களைத்த மாடு மெதுவாகப் படுப்பது போல.
மூடைகள் வாய் திறந்தன.
பீட்ரூட்.
ரோட்டில், கானுக்குள், தேயிலைத் தூருக்குள்,
உருண்டு உருண்டு
ஐந்தாம் நம்பர் மலை வரைக்கும் பீட்ரூட்.
டிரைவருக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று
தெரிந்த பிறகுதான் நாங்கள் குனிந்தோம்.
அதையாவது எங்கள் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.
அன்றைக்குக் கொழுந்துச் சாக்கு
வழக்கத்தைவிடக் கனத்தது,
நிறுக்கத்தான் யாரும் கொண்டுபோகவில்லை.

இருபத்தைந்து, நடுப்பகல் பூசை முடிந்து
மூடிகளைத் திறந்தோம்.

கோவா சுண்டல் சிவப்பாக இருந்தது.
போஞ்சி, பாலோடு, ரோஸ் நிறத்தில்.
மோஜுவில் கத்தரிக்காயைக் காணோம்.
அப்புறம் கட்லட்,
பீட்ரூட் இலையில் மல்லுங்,
வினாகிரியில் ஊறியது ஒன்று,
மாசி போட்டு வதக்கியது ஒன்று,
பெயர் வைக்க முடியாதது ஒன்று.
என் சட்டியிலும் லீக்ஸ் இருந்தது,
தேடினால் கிடைக்கும்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்
கரண்டிகளை அடுக்கினோம்.

அந்த நேரம் பார்த்து உபதேசியார்
டிரைவர் விஜேபாலவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.
இழுக்கிற வண்டி பண்டிகை முடிந்துதான் வருமாம்,
இரண்டு இரவாக லொறியிலேயே படுக்கையாம்.
கையை வீசிக்கொண்டு வரக்கூடாதென்று
அவன் கையில் ஒரு டின் மீன்.
திறப்பான் இல்லை.
கங்காணி கவ்வாத்துக் கத்தியால் அதைக் கிழித்தார்.
மேசையில் சிவக்காத கறி
அது ஒன்றுதான்.

எல்லாவற்றிலும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டான்.
ஹரி ரசய், என்றான்.
மோஜுவுக்கு உப்பு கொஞ்சம் காணாது, என்றான்,
எங்கள் தமிழிலேயே.
பிறகு விரல் நுனியைப் பார்த்தபடி,
இது எந்தக் கடையில வாங்கினது?

மெடில்டாவின் சின்னவன் வாயைத் திறந்தான்.
அந்த வாய்க்குள்
ஒரு முழுக் கட்லட்டைத் திணித்தாள் அவள்.

சோற்றைப் பிசைகிற சத்தம் மட்டும்.
அவன் தலையை நிமிர்த்தவில்லை.
நாப்பது மூடை ஏத்தினேன்,
நேத்து எண்ணினா முப்பத்தொண்ணு.
முதலாளி என் சம்பளத்திலதான் பிடிப்பாரு.
இன்னும் கொஞ்சம் பால்கறி போடுங்க.

போட்டாள் அமலோற்பவம்.
கரண்டி சட்டியில் இடித்து இடித்து
மணி மாதிரி கேட்டது.

அன்றிரவு லயத்திலிருந்து வளைவுக்கு
டோர்ச் வெளிச்சங்கள் ஏறின, தனித்தனியாக,
தெரியாத ஆட்கள் போல.
ஒருத்தி வந்து கொட்டிவிட்டு இறங்கும்வரை
அடுத்தவள் மரத்தடியில் நின்றாள்.
சமைக்காதது எல்லாம் போய்ச் சேர்ந்தது,
இலை கிள்ளியதும்கூட.

விடிய எண்ணினான். முப்பத்தெட்டு.
சீட்டைக் கதவில் வைத்து,
நூலில் தொங்கிய பென்சிலால்
சிங்களத்தில் ஏதோ எழுதினான்.
கங்காணி மகள் வாசித்துச் சொன்னாள்:
இரண்டு மூடை, மழை.

குடிலில் பாலனின் கன்னத்தை
யாரோ சாப்பிட்ட கையோடு
தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள்.
மூன்று இராசாக்கள் திருநாள் வரைக்கும்
அதை யாரும் துடைக்கவில்லை.