நாலு வாய்

இறங்குகுரலில் ஒரு டு-டும்.
கீபோர்ட் போய்விட்டது.
திரையில் 'பிற' என்று நிற்கிறது.
பிறப்பா, பிறகா, பிறரா,
அதற்கென்ன கவலை.
மூன்று செக்கனில் ஏறுகுரலில் திரும்பி வந்தது,
கடைக்குப் போய் வந்தது மாதிரி.
இடையில் நான் அடித்த பதினொரு எழுத்தும்
எந்தக் காணியிலும் இல்லை.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
வாசலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் என்று பலகை.
சிங்களத்தில் பிறந்தவர்களை
தமிழில் இன்னொருமுறை பிறக்கவைப்பேன்,
பக்கத்துக்கு இவ்வளவு என்று.

முதலில் ரயிலைச் சந்தேகித்தேன்.
களுத்துறைக்குப் போகும்போது ஜன்னல் கண்ணாடி பேசும்,
தேத்தண்ணிக் கோப்பையில் வளையம் விழும்.
கரண்ட் பில்லின் முதுகில்
விழுந்த நேரங்களைக் குறித்து வைத்தேன்.
ரயில் போனது. கீபோர்ட் இருந்தது.
ரயில் இல்லை. கீபோர்ட் விழுந்தது.
மனதுக்குள் ரயிலிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பம்பலப்பிட்டியில் பாஹிம்
வயரை முகர்ந்து பார்க்காத குறை.
"பின்னுக்குக் குத்துங்க மிஸ்,
முன்னுக்கு இருக்கிறது சும்மா வடிவுக்கு.
கடற்காத்து வேற, உப்புப் பிடிச்சிரும்."
வயர் மாற்றினேன். மேசைக்குக் கீழே தவழ்ந்து
பின்னுக்குக் குத்தினேன்.
முழங்காலில் தூசி, தலையில் ஒரு மேசை விளிம்பு.
மறுநாள் காலை பத்து ஐந்துக்கு
டு-டும்.

செட்டிங்குகளுக்குள் இறங்கினால்
ஆழத்தில் ஒரு சின்னப் பெட்டி, அதில் ஒரு சரி அடையாளம்.
தொழில் பழக்கத்தில் தமிழாக்கினேன்:
மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு
இச்சாதனத்தை அணைப்பதற்குக்
கணினிக்கு இத்தால் அனுமதியளிக்கப்படுகிறது.
யார் அளித்தது?
என் கையெழுத்து இல்லை, முத்திரை இல்லை.
அடையாளத்தை எடுத்தேன்.
பின்னேரம் இரண்டுதரம் விழுந்தது.

கீழ்வீட்டுப் புஷ்பகாந்தி
கண்ணூறு என்றாள். செத்தல் மிளகாயும் தந்தாள்.
அதைச் சம்பலுக்குப் போட்டேன்.

ஒன்பதாம் நாள் கரண்ட் பில்லையும்
வருவோர் கொப்பியையும் அருகருகே வைத்தேன்.
ராத்திரி ஒருமணிவரை தனியே
நாற்பது பக்க உறுதி அடித்திருக்கிறேன்,
ஒரு டும் இல்லை.
விழுந்ததெல்லாம்
அந்தக் கதிரையில் ஆள் இருந்த நேரம்.

அப்படியென்றால் என் கூச்சமா?
என் விரலா?

இன்று கதிரையில் மரியநேசன்.
கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ்.
மன்னாரில் காணி வழக்கு,
பிறப்புச் சான்றிதழ் நாளைக்கே வேண்டும்.
நெற்றியில் வியர்வை ஓடுகிறது.
கேட்காமலே கை போகிறது,
புறக்கோட்டையில் வாங்கிய குட்டி விசிறிக்கு.
அவர் பக்கம் திருப்பி
ஒன்றிலிருந்து இரண்டுக்கு.

டு-டும்.

என் கையைப் பார்த்தேன்.
விசிறியின் வாலைப் பிடித்துக்கொண்டு போனேன்.
அது முடிந்தது நாலு வாய் ஹப்பில்:
கீபோர்ட், மவுஸ், ஸ்கேனர், விசிறி.
நாலு வாய்க்கும் ஒரே வயரில் வருகிறது சோறு.
விருந்தாளிக்கு அள்ளி வைத்த நேரமெல்லாம்
வீட்டுக்காரர் பசியில் மயங்கியிருக்கிறார்கள்.

"ஐயா, குறைநினைக்கக்கூடாது," என்று
விசிறியைப் பிடுங்கினேன்.
"அதுக்கென்ன தங்கச்சி," என்று
அவர் லமினேற் பண்ணிய
தன் சான்றிதழாலேயே விசிறிக்கொண்டார்.
கொப்பி கேட்டு வாங்க மனம் வரவில்லை,
அவர் கை ஓயும்போதெல்லாம்
ஒரு வரி எட்டிப் படித்து அடித்தேன்.
'பிற'வுக்குப் பக்கத்தில் 'ப்பு' உட்கார்ந்தது.
திகதி. தகப்பன் பெயர். பதிவாளர் பிரிவு.
ஒன்றும் விழவில்லை.

அவர் போனபின்
இரண்டு பத்துக்கு, கதிரை வெறுமையாய் இருக்க,
விசிறி லாச்சிக்குள் கிடக்க,
மவுஸ் ஒருமுறை போய் வந்தது.

அதையும் குறித்து வைத்தேன்.
காரணம் என்ற இடத்தில்
கோடு.