படத்துக்கு ஒரு வரி

படத்தின் கீழ் ஒரு வரி வேண்டும் என்றார்கள்.
பன்னிரண்டு சொல்லுக்கு மேல் போகக்கூடாது,
வெள்ளிக்கிழமைக்குள்.

கறுப்பு வெள்ளை. உள்ளங்கை அகலம்.
பின்புறம் பென்சிலில், தமிழில்:
கொழும்பு, சித்திரை, நாற்பத்திரண்டு.
இடது கைக்காரர் எழுதியிருக்கவேண்டும்,
எழுத்தெல்லாம் பின்னுக்குச் சாய்ந்து கிடந்தது.

இடம் காலிமுகத்திடல், அதில் பிரச்சினையில்லை.
கடற்சுவர் தெரிகிறது, அலையின் வெள்ளைக் கோடு தெரிகிறது.
நடுவில் அது.
ஆறு சக்கரம். மூக்கு லொறியுடையது,
பின்பக்கம் எறும்பினுடையது.
மேலே கவிழ்த்த அண்டாபோல் ஒரு கூடு,
அதிலிருந்து நீளும் குழல்
பதில் தெரியாமலே கை தூக்கிய பிள்ளைபோல.

நுகேகொடையில் ஓய்வுபெற்ற கப்டன் ஒருவர்
தென்னாபிரிக்காவில் செய்தது என்றார்,
தேத்தண்ணி வருவதற்குள் இல்லை என்றார்.
வெள்ளவத்தை அம்பிகைபாகன்,
வீட்டு அலுமாரியில் நானூறு பொம்மைத் தாங்கி வைத்திருப்பவர்,
இத்தாலியரிடம் பிடித்ததாம், கப்பலில் வந்ததாம்.
பூதக்கண்ணாடி வைத்து ஆணிகளை எண்ணினார்:
முன் தகட்டில் பத்தொன்பது,
பின் தகட்டில் பதினேழு.
"போர்க்காலம்தானே, அவசரம்" என்றார்.

எனக்கும் வாகனம் அடையாளம் காணத் தெரியும்.
கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கையில்
எல்லோருக்கும் தெரிந்திருந்தது ஒரு காலம்.
இரவு இரண்டு மணி, விளக்குப் போடாமல்,
தலையணையிலிருந்து தலை எடுக்காமல்
இது ட்ரக், இது ஜீப்,
இது பாண்காரரின் வான்,
இது இலக்கத் தகடு இல்லாதது.
எப்படி என்று கேட்காதீர்கள்.
அதற்கு மட்டும் நாய்கள் குரைப்பதில்லை.

இந்தப் படத்திலோ சத்தமே இல்லை.

வியாழன் பின்னேரம் பஞ்சிகாவத்தை.
என் காரின் பக்கக் கண்ணாடிக்குப் பழசொன்று தேடிப் போன இடம்.
நிலாம்தீனிடம் சும்மாதான் போனை நீட்டினேன்.
விரலெல்லாம் கிறீஸ். சுண்டுவிரல் மட்டும் சுத்தம்,
அதனால் பெரிதாக்கினார்.
வண்டியைப் பார்க்கவில்லை அவர்.
பக்கத்தில் நின்ற ஆளைப் பார்த்தார்:
சாரம், வெறும் மேல்,
வண்டியின் விலாவில் பரத்தி வைத்த கை.

"நிழல் எங்க மிஸ்?"
காலடிக்குள் இருந்தது.
"அப்ப உச்சி வெயில். சித்திர மாசம்.
இரும்புல இப்பிடிக் கை வெப்பானா மனுசன்?"
தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார்:
ஏதோ ஒரு பொனட் போட்டுவைத்த வழுவழுப்பான தழும்பு.
"பலகை மிஸ் இது. பெயின்ட் அடிச்ச பலகை."

அதற்குப் பிறகு எல்லாம் தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.
ஆணிகள் தூரிகைப் பொட்டுகள்.
குழலில் கணு கணுவாய் மூங்கில்.
சக்கரத்தின் கீழ்
புல் நிமிர்ந்தே நின்றது.

மேலிருந்து வருகிறவன் பார்ப்பதற்கென்று செய்தது.
துறைமுகத்தில் விழுவது இங்கே விழட்டும் என்று.
அப்படியென்றால் இந்த மனிதர்
அதன் பக்கத்தில் என்ன செய்கிறார்?
காவலா? பெயின்ட் காய்ந்ததா என்று பார்க்கிறாரா?
மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல் இருக்கிறது கை.
முகம் அசைந்துவிட்டது.
காதில் செருகியிருப்பது பீடி என்றிருந்தேன்,
பீடிக்கு அவ்வளவு கூர் வராது.
செருகியிருந்தது இடது காதில்.

வீட்டுக்கு வந்து எழுதினேன்:
மர வண்டி, மூங்கில் குழல்.
கை வைத்து நிற்பவர், செய்த தச்சர்.
காலிமுகத்திடல், நடுப்பகல்.
எண்ணிப் பார்த்தேன், பதினொன்று.
ஒரு சொல் மிச்சம்.
அவர் பெயர் எங்காவது அகப்பட்டால் என்று
தச்சருக்குப் பக்கத்தில் இடம் விட்டு அனுப்பினேன்.

அச்சில் வந்தபோது இடைவெளி இல்லை.
மிச்சமிருந்த சொல்லை முன்னால் போட்டிருந்தார்கள்:
"அரிய."