போயா நாள் பட்டியல்

அம்பேவளைக்கு மேலே, புல்வெளி தொடங்கும் திருப்பத்தில்
ஆட்டோவை நிறுத்தினார் மரியசூசை.
இரவல் பைனாகுலரில் ஒரு கண் புகைமூட்டம்;
மற்றக் கண்ணுக்கு நாலு பேர் வரிசை.

நிரோஷினியின் கொப்பியில்
உண்ணிக்கொக்கு பதினொன்று, மாடுகளோடு.
மைனா. திரும்பவும் மைனா.
"காக்காவையும் எழுது, அதுவும் பறவைதானே"
தம்பி அடம்பிடித்தான்.
எழுதியாயிற்று: காகம், நிறைய.

பனிக்குள் காற்றாலையின் இறக்கை அசைந்ததைக்
கழுகு என்று அப்பா கத்தியதை
யாரும் எழுதவில்லை.

பாணும் கட்டசம்பலும் முடிய
அம்மா புல்லில் சாய்ந்தாள்.
ஆறு நாள் கூடைக்கயிறு இழுத்த கழுத்து
ஒரு பக்கமாய்ச் சரிந்து தூங்கிப்போனது.

அப்போதுதான் வந்தது.
முழுக் கறுப்பு,
தோளில் மட்டும் சுண்ணாம்பு தொட்ட விரலைத் துடைத்தாற்போல் வெள்ளை.
அவள் கழற்றிவைத்த செருப்பின் வாரில் உட்கார்ந்து
வாலை ஆட்டிற்று.
பைனாகுலர் புல்லில் கிடந்தது.
தம்பியின் வாயை
பெற்றோல் மணக்கும் உள்ளங்கையால் பொத்தினார் அப்பா.

பெயர் தெரியவில்லை.
"அம்மாவின் செருப்பில், ஒன்று"
என்று எழுதினாள் நிரோஷினி.

மூடுபனி இறங்கிக் கொப்பி நனையும்வரை
யாரும் எழுப்பவில்லை.
எழும்பியவள் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டாள்:
"ஒண்ணும் வரலியா?"