மாடி அறை காலி

திமிரி திரௌபதியம்மன் திடலில்
விடிய ஒரு ஜாமம் இருக்கையில்
முனிரத்தினம் சேலையை இழுத்தான்.
பாயில் உட்கார்ந்திருந்த நான் மண்ணை வாரித் தூற்றினேன்.

வேஷம் கட்டுமுன் கற்பூரம் ஏற்றி
பாஞ்சாலி வேஷக்காரன் காலைத் தொட்டானாம்.
பிறகு சொன்னார்கள்.
எனக்கு அது காதில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து
மாடி அறை வாடகைக்குக் கேட்டு வந்தான்.
ராணிப்பேட்டையில் தோல் கம்பெனி வேலை,
கையில் டிபன் கேரியர்,
காதுமடலில் கழுவாமல் விட்ட சிவப்பு.
"ஆள் வந்தாச்சு" என்றேன்.
ஆறு மாசம் பூட்டியே கிடந்தது.

அந்த ஆடியில்தான்
எத்திராஜுவிடம் சீட்டுக் கட்டினேன்.
தருமர் வேஷம்.
மொத்த பாரதத்துக்கும் ஒரே ஒரு பொய் சொன்ன வாய்!
ரசீது கேட்கவே கூச்சமாக இருந்தது.
எதிர்வீட்டு பத்மாவதியையும் சேர்த்துவிட்டேன்.
தை பிறந்தது, கடைக்குப் பூட்டு.
நாட்டையே சூதில் வைத்துத் தோற்றவர் என்பதையாவது
யோசித்திருக்கலாம்.

நேற்று
ஆற்காட்டிலிருந்து திரும்பும் டவுன் பஸ்.
இறங்க எழுந்தேன்.
முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல்,
திடல் முழுக்க மைக் இல்லாமல் கேட்ட அதே குரல்:
"யம்மா, முந்தானை ஆணியில மாட்டியிருக்கு,
இழுக்காதீங்க."

யார் என்று தெரிந்துவிட்டது.
வெடுக்கென்று
நான்தான் இழுத்தேன்.

ஒரு சாண் கிழிசல்.
இன்னும் தைக்கவில்லை.