அரைக் கலன் வெள்ளை

கஸ்தூரியார் வீதிக் கடையில்
ஆயிரத்து நானூறு நிறம் கலக்கும் இயந்திரம்
என் பொறுப்பில்.
எண்ணைச் சொன்னால் போதும்,
சொட்டுச் சொட்டாய் இறக்கி, குலுக்கித் தந்துவிடும்.

கொறற்றி அக்காவிடம் எண் இல்லை.
"கறன்ற் போன உடன சுவரில வாற நீலம்,
அது வேணும்" என்றா.
முதலாளி சிரித்தார். நான் அட்டையை விரித்தேன்.
கடல், மயில், கத்தரிப்பூ, பேனை மை.
எல்லாவற்றுக்கும் இல்லையென்று தலையாட்டினா.
"வந்து பாருமன்."

குருநகரில், கடலுக்கு முதுகு காட்டிய வீடு.
ஆறே கால். மின்வெட்டு சொன்ன நேரத்துக்கு வந்தது,
இந்த ஊரில் அது ஒன்றுதான் அப்படி.
மேற்கு யன்னலில் பகலின் மிச்சம்.
மேசையில் மெழுகுதிரி.
நடுவில், மகனின் பென்சிலைச்
சீனிப் போத்தலில் குத்தி நிறுத்தினா.

சுவரில் இரண்டு நிழல்.
ஒன்று, பனம்பழச் சதையின் மஞ்சள்.
மற்றது, நான் எந்த வாளியிலும்
இதுவரை கலக்காத நீலம்.

விரலால் தொட்டேன். வெறும் சுண்ணாம்பு.
மெழுகுதிரிக்கு மறைந்த இடத்தை வானம் தொட்டது,
வானம் எட்டாத இடத்தை மெழுகுதிரி.
இரண்டும் விழுந்த பரப்போ
சொல்ல ஒன்றுமில்லாமல்
வெள்ளையாய்க் கிடந்தது.

காலடியில் நுளம்புத்திரி.
அதன் புகை
இருண்ட குசினி வாசலைக் கடக்கையில் நீலம்;
யன்னலுக்கு ஏறியதும் தேத்தண்ணீர்க் கறை.
ஒரே புகைதான்.
பின்னால் என்ன நிற்கிறது என்பதுதான் கணக்கு.

"ஜாம் போத்தல் விளக்கிலதான் ஓ.எல் படிச்சனான்.
அப்பவும் இது இருந்திருக்கும்.
ஆர் பார்த்தது?
நிழல் அசைஞ்சால்
ஆள் எண்டுதானே அப்ப நினைப்பம்."

எனக்குப் பதில் வரவில்லை.
பென்சிலைச் சற்றுத் திருப்பினேன்.
நீலம் தடித்தது. பிறகு வானம் வற்ற வற்றத்
தானும் இருண்டு,
ஏழு மணிக்குச் சாதாரணக் கறுப்பு.
கறன்ற் வந்தபோது அதுவும் இல்லை.

மறுநாள் அரைக் கலன் வெள்ளை கொடுத்தேன்,
ஒரு சொட்டும் சேர்க்காமல்.
மூடியைத் திறந்து நெடுநேரம் பார்த்தா.
"நிறம் போடேல்லத்தானே, காசைக் குறையும்."
முதலாளி நூறு ரூபாய் குறைத்தார்.

கடை பூட்டிப் பண்ணைப் பாலத்தால் போகையில்
வெயில் இன்னும் தங்கியிருந்த காற்றுக்கு அப்பால்
மண்டைதீவுப் பனைகள்,
கறுப்பென்று நான் சத்தியம் செய்யக்கூடிய பனைகள்,
நீலமாய் நின்றன.
சைக்கிளை நிறுத்தவில்லை.
கறுப்பில் எத்தனை சொட்டு,
வெளிச்சத்தில் எத்தனை என்று
பெல்லின் மேல் விரல்
பழக்கத்தில் எண்ணத் தொடங்கியது.