இழுப்பறையில் ஒரு கல்

ஃபைலில் மதம் என்ற கட்டத்துக்குள்
'பன்றிக்கறி கூடாது' என்று மட்டும் எழுதியிருந்தது.
அவ்வளவுதான் ஹசிப் கஹ்ரிமானோவிச்,
வயது எண்பத்து மூன்று, அறை பதினான்கு,
ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகர முதியோர் இல்லம், மூன்றாம் மாடி.

முதல் நாள் பால் வேண்டுமா என்று கேட்டேன்.
எங்கள் பேச்சு ஒன்றுதான், ஒலி கொஞ்சம் பிசகும்:
நாங்கள் ம்லெக்கோ என்போம், போஸ்னியாவில் ம்லியெக்கோ.
அந்த ஒரு பிசகில்
நான் செர்பியாக்காரி என்று அவருக்குத் தெரிந்துபோனது.
முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.
பால் ஆறி, ஆடை படிந்து,
அப்படியே திரும்பி வந்தது.

அதன்பிறகு ஜெர்மன்.
என் ஓட்டை ஜெர்மன், அதைவிட ஓட்டையான அவர் ஜெர்மன்.
வலிக்கிறதா. இல்லை. திரும்பிப் படுங்கள். சரி.
தாய்மொழி ஒன்றாயிருந்தும் இரண்டு பேர்
வாடகை சைக்கிளில் தடுமாறிக்கொண்டிருந்தோம்.

இரவு ஷிப்ட்காரர்கள் எழுதினார்கள்:
சுவரைத் தட்டுகிறார். பிறகு முகத்தைத் தடவுகிறார்.
விடியுமுன் நாலு மணிக்கும். குழப்பம் கூடுகிறது.
தூக்க மருந்தைக் கூட்டலாமா?
கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.
போட்டேன், மறைக்கவில்லை.

மாடி துடைக்கும் குல்ஃபெர்தான் சொன்னாள்,
துடைப்பத்தின் கம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு:
"குழப்பமும் இல்லை ஒன்றும் இல்லை. ஒளூ செய்யப் பார்க்கிறார்.
கைத்தோல் வெடித்திருக்கிறது, தண்ணீர் படக்கூடாது என்றாரே டாக்டர்.
தண்ணீர் ஆகாதவனுக்கு மண். மண் இல்லையா, கல்.
உங்கள் சுவரில் இருப்பது வெறும் பெயின்ட்.
மனுஷன் அதற்கடியில் மண்ணைத் தேடுகிறார்."

மறுநாள் மூர் ஆற்றங்கரையில் இறங்கினேன்,
நர்ஸ் செருப்போடு, ஈரப் பனிக்குள்.
இரண்டு உள்ளங்கை பதிகிற அகலம்.
நாலைந்தை எடுத்துப் பார்த்து, எறிந்து, ஒன்றைக் கொண்டுவந்தேன்.

தலைமை நர்ஸ் எடெல்ட்ராட் கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
கிருமி நீக்காமல் எதுவும் படுக்கைக்குப் போகக்கூடாது.
பெட்பேன் கழுவும் மெஷினில் ஒரு சுற்று விடு, போதும்.
விதிப்படி சரிதான். அந்தச் சூட்டில் எதுவும் பிழைக்காது.
மெஷின் கதவுவரை கொண்டுபோனேன்.
பிறகு சமையலறைக்குத் திரும்பி
முட்டை அவிக்கிற சட்டியில் கொதிக்க விட்டேன்.
வெந்துவிட்டதா, உப்புப் போட்டாயா என்று சிரித்தான் லோரென்ஸ்.

கட்டிலின் பிரேக்கை விட்டுத் தென்கிழக்கே திருப்பினேன்.
என் ஊரும் அவர் ஊரும்கூட அந்தப் பக்கம்தான்.
அதை நான் சொல்லவில்லை.
மடியில் வைத்த கல்லை வெகுநேரம் பார்த்தார்.
இரு கைகளையும் அதன்மேல் அடித்து முகத்தில் தடவினார்,
மறுபடி அடித்து முழங்கைவரை,
மருந்து ஏறும் ஊசியை மட்டும் சுற்றிக்கொண்டு.
கதவைச் சாத்திவிட்டு
மணியடித்த பதினாறாம் அறைக்குப் போனேன்.

உன்னை மன்னித்துவிட்டாரா என்றாள் குல்ஃபெர்.
நான் என்ன செய்தேன் என்று வாய்வரை வந்தது.
யுத்தத்தின்போது எனக்குப் பதினொரு வயது.
அவர் பிள்ளைகளுக்கு அப்போது என்ன வயதென்று
ஃபைலில் இல்லை.
பிள்ளைகளே ஃபைலில் இல்லை.

குழப்பம் என்பதை அடித்துவிட்டு எழுதினேன்:
தொழுகை. கல் மேல் இழுப்பறையில், வெள்ளைத் துணியில்.
மூத்திரக் குடுவை வைக்கும் மேசையில் வைக்காதீர்கள்.
பக்கத்தில் யாரோ ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள்.

நேற்று இருட்டோடு அவர் கை போர்வைக்குள் துழாவியது.
காமென், என்றார்.
கல்லுக்கு எங்கள் இரண்டு பக்கமும் அதே சொல்தான்,
ஓர் எழுத்தும் மாறாது.
தலையணைக்கும் கம்பிக்கும் நடுவே சரிந்திருந்ததை
எடுத்துக் கொடுத்தேன்.

பால் மட்டும் இன்னும் ஜெர்மனில்தான் கேட்கிறார்.