அடுத்த கப்பல்

பதுளைக் கோர்ட்டில் நான் துபாசி.
"நடந்துதான் சாமி போனேன்" என்றாள் அங்காயி.
துண்டில்லாமல் தோட்டத்தைத் தாண்டினால்
நடையானாலும் சட்டத்தில் அதற்கு ஓட்டம் என்று பேர்.
"ஓடினாளாம்" என்றேன் இங்கிலீசில்.

ஐந்து மாதச் சம்பளம் வரவில்லை என்றாள்.
அரிசிக் கணக்கைக் கழித்தால்
இவள்தான் பாக்கி என்றது கங்காணியின் பேரேடு.
பேரேட்டை யாரும் சத்தியம் பண்ணச் சொல்லவில்லை.
மூன்று மாதம், கடூழியம்.

கோப்பி பூத்த வாசம்
கூண்டு வரைக்கும் வந்து நின்றது.
இறங்கும்போது என்னிடம் கேட்டாள்:
"நான் சொன்னதத்தான் சொன்னீங்களா?"
அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் நீதவான் துரைக்குக் கண் சிவந்திருந்தது.
ராத்திரி தூங்கவில்லை, மனசு கேட்கவில்லை,
தீர்ப்பைத் திருத்தப் போகிறார் என்று
மைக்கூட்டைத் திறந்து அருகே வைத்தேன்.

அவர் எடுத்தது ஒரு கதைப்புத்தகம்,
கப்பலில் மாதாமாதம் வருவது.
லண்டனில் யாரோ தையற்காரி.
எசமானியின் பட்டைத் திருடினாளென்று பொய் வழக்கு,
கூலி கேட்டதுதான் குற்றம்.
"அவள் சொல்வதை ஒருத்தனும் காதில் வாங்கவில்லை, பார்!"
துரையின் குரல் தழுதழுத்தது.
கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"அநியாயம் ஐயா" என்றேன்.
அதை மட்டும் பிசகில்லாமல் சொன்னேன்.

வெளியே, பண்டாரவளை ரோட்டுக்குச்
சல்லி உடைக்கிறார்கள்.
மிச்சக் கதை அடுத்த கப்பலில் வருமாம்,
ஐந்து கிழமையில்.
அங்காயி வெளியே வருவதற்குள்
தையற்காரிக்கு எப்படியும் விடுதலையாகிவிடும்.